அடுத்துப் பொறுப்பில் யார்?

சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், 78 வயது அம்மையார் ஒருவரை 108 ஆம்புலன்ஸில் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லி அழைத்தும் அவர் கண் திறக்கவில்லை. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை அளவு 34 மில்லிகிராம் என்று காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் அவர் கண்விழித்தார். இன்னும் ஓரிரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் அஞ்சுகிறது.

அவர் முதியோர் இல்லம் ஒன்றில் வசிப்பவர். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததாலும், உணவின் அளவு சுருங்கியிருந்ததாலும், அவருடைய இன்சுலினைக் காலை 20, இரவு 14 என்பதிலிருந்து காலை 12, இரவு 6 என்று குறைத்திருந்தோம். உடன் வந்திருந்த இல்லப் பொறுப்பாளர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நாள்தோறும் தம் கையாலேயே ஊசி போடுபவர் அவர் என்பதால், புதிய அளவு அவர் நினைவில் இருந்தது. ஆனால் மருந்து அலமாரியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் பழைய அளவே இருந்தது. சனிக்கிழமை மாலை அந்தப் பொறுப்பாளருக்கே மாரடைப்பு ஏற்பட்டு, வேறொரு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையும் இரவும், ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, மற்றொரு பணியாளர் நல்லெண்ணத்தோடுதான் ஊசி போட்டார்.

அம்மையாருடன் வந்த அந்தப் பணியாளரிடம் நாங்கள் எதைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைத்தது: "எல்லாம் மேடத்துக்குத்தான் தெரியும், டாக்டர்." வேறு என்ன மருந்துகள், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எதற்கேனும் ஒவ்வாமை உண்டா, மகளின் கைப்பேசி எண் என்ன என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அதுவே விடை. வெளியூரில் இருக்கும் மகளைத் தொடர்புகொள்ள எங்களுக்கு அன்று நண்பகல் ஆயிற்று. எங்கள் பதிவேட்டில் உறவினர் எண் என்ற இடத்தில் இருந்ததும் அந்தப் பொறுப்பாளரின் எண்தான்.

இதில் யாரையும் குற்றவாளியாக நிறுத்துவது எங்கள் நோக்கமன்று. இல்லத்தையோ அம்மையாரையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறோம். முதியோர் மருத்துவத்தில் பணியாற்றும் நாங்கள் இத்தகைய நிகழ்ச்சியைக் காண்பது இது முதல் முறையன்று என்பதால்தான் இதை எழுதுகிறோம். முதியோர் இல்லத்தின் தலைமை திடீரென்று காலியாவதை நிர்வாகச் சிக்கலாக மட்டுமே எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கள் பார்வையில் அது ஒரு மருத்துவ ஆபத்து. அதற்கு மருந்தும் உண்டு. அதே நாளில், பெயர் குறிப்பிட்டு, அதிகாரத்தோடு ஓர் இடைக்காலப் பொறுப்பாளரை அமர்த்துவதே அந்த மருந்து.

ஒருவர் போனால் என்னென்ன போகிறது

நம் ஊர் முதியோர் இல்லங்கள் பலவும் ஒற்றை மனிதரின் தோளில் நிற்பவை. அவர் மேலாளராக இருக்கலாம், தலைமைச் செவிலியராக இருக்கலாம், இல்லத்தைத் தொடங்கிய புரவலராகவே இருக்கலாம். எவருக்கு எந்த மாத்திரை, எவர் இரவில் எழுந்து நடப்பார், எவருக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டும், எவருடைய மகன் பணத்தைத் தாமதமாக அனுப்புவார் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். அந்த நினைவாற்றலைக் குடும்பத்தார் பாராட்டுவார்கள். "அவர் இருக்கும்வரை எங்களுக்குக் கவலையில்லை" என்பார்கள். அவர் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை அந்தப் பாராட்டே மறைத்துவிடுகிறது.

முதுமையில் உடலின் சேமிப்பு குறைவு. இளைஞர் ஒருவர் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பார்க்கின்சன் நோயுள்ள முதியவருக்கு லெவோடோபா மாத்திரை சில மணி நேரம் தாமதமானாலே உடல் விறைத்துப்போகும், நடக்க இயலாது, விழுங்குவதும் கடினமாகும். விழுங்க இயலாதவருக்கு அவசரமாக உணவு ஊட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவருக்குக் குறித்த நாளில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யாமல் விட்டால், ஒரு பக்கம் பக்கவாதம், மறுபக்கம் இரத்தக்கசிவு என்ற இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே அவர் நிற்கிறார். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே அதை உட்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர் அதை நாள்தோறும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரும். படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். அந்த வழக்கம் ஓரிரு நாள் குலைந்தாலே தோல் சிவந்து, புண்ணாகத் தொடங்கலாம்.

இவை எதுவும் பெரிய முடிவுகள் அல்ல, அன்றாட ஒழுங்குகள்தாம். தலைமை காலியானவுடன் முதலில் குலைவதும் இந்த ஒழுங்குகளே. இரவுப் பணிக்கு வர வேண்டியவர் வராதபோது மாற்றாளை யார் அழைப்பது? மருந்துக் கடைக்கு யார் பணம் கொடுப்பது? காய்ச்சல் கண்டவரை இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா, விடியும்வரை காத்திருப்பதா என்று யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஒருவர் இல்லாத இல்லத்தில், எல்லா முடிவுகளும் விடியும்வரை காத்திருக்கின்றன. காய்ச்சலும் தாழ்சர்க்கரையும் அப்படிக் காத்திருப்பதில்லை.

வழக்கமாக நடக்கும் மூன்று தவறுகள்

பொறுப்பாளர் திடீரென்று விலகினாலோ, நோயுற்றாலோ, இறந்தாலோ, இல்லத்தை நடத்துவோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை மேற்கொள்வதைக் காண்கிறோம்.

முதல் வழி, காத்திருத்தல். "நல்ல ஆள் கிடைக்கட்டும், அவசரப்பட வேண்டாம்" என்கிறார்கள். நிரந்தரப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது என்பது உண்மையே. தவறான ஒருவரை அவசரத்தில் அமர்த்திவிட்டு ஆண்டுக்கணக்கில் வருந்தும் இல்லங்களும் உண்டு. ஆயினும், நிதானமாகத் தேட வேண்டுமானால் அதுவரை இல்லம் தடுமாறாமல் நடக்க வேண்டும். இடைக்காலப் பொறுப்பாளர் இருந்தால்தான் அந்த நிதானத்துக்கே இடமுண்டு.

இரண்டாவது வழி, "எல்லோருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்" என்பது. கேட்பதற்கு இனிமையான சொல். ஆனால் நாளைக்கு மருந்து தீரப்போகிறது என்பதை நால்வரும் பார்த்திருப்பார்கள், மற்றவர் சொல்லியிருப்பார் என்று நால்வரும் நினைத்திருப்பார்கள். எங்கள் மருத்துவமனையின் ஒவ்வொரு நோயாளர் கூடத்திலும் பணியிலுள்ள மருத்துவரின் பெயர் பலகையில் எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. பொறுப்பு என்பது ஒரு பெயரோடு ஒட்டியிருந்தால்தான் அது பொறுப்பு.

மூன்றாவது வழி, கூடுதல் பொறுப்பு. நம் அலுவலகங்களில் எல்லோரும் அறிந்த ஏற்பாடு இது. வேறோர் ஊரில் உள்ள இல்லத்தின் மேலாளரையோ, அறக்கட்டளையின் கணக்கரையோ, "இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அமர்த்திவிடுவார்கள். அவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், காசோலைகளில் கையெழுத்திடுவார், போய்விடுவார். காகிதத்தில் இடம் நிரம்பிவிட்டதால், அது காலியாக இருக்கிறது என்பதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். மூன்றிலும் மிகவும் ஆபத்தானது இதுவே என்று கருதுகிறோம். காலியான நாற்காலி கண்ணை உறுத்தும், யாரேனும் கேள்வி கேட்பார்கள். பெயரளவில் நிரம்பிய நாற்காலியை எவரும் கேள்வி கேட்பதில்லை.

இடைக்காலப் பொறுப்பாளருக்கு வேண்டியவை

இடைக்காலப் பொறுப்பாளர் என்று நாங்கள் சொல்வது இந்த மூன்றிலிருந்தும் வேறுபட்ட ஒருவரை. அவருக்கு நான்கு தேவைகள் உண்டு.

ஒன்று, முழு நேரம். அந்தக் காலம் முழுவதும் அந்த ஓர் இல்லமே அவருடைய வேலையாக இருக்க வேண்டும். பணியிலுள்ள செவிலியர் ஒருவரையே அமர்த்துவதானால், அவருடைய வழக்கமான பணிநேரத்துக்கு மாற்றாள் போட வேண்டும். இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பகலில் கணக்கும் பார்க்கும்படி விட்டால் இரண்டும் கெடும்.

இரண்டு, எழுத்தில் தரப்பட்ட அதிகாரம். எவ்வளவு தொகைவரை யாரையும் கேட்காமல் செலவிடலாம், மாற்றுப் பணியாளரை அழைக்கலாமா, நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கலாமா என்பவை ஒரு பக்கத் தாளில் எழுதப்பட வேண்டும். மருந்து அலமாரியின் சாவியும், உறவினர் எண்கள் கொண்ட பதிவேடும் முதல் நாளே அவர் கைக்கு வர வேண்டும்.

மூன்று, வரையறுத்த காலம். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். தற்காலிகம் என்று தொடங்கி ஆண்டுகள் கடந்தும் தற்காலிகமாகவே நீடிக்கும் ஏற்பாடுகளை நாம் அறிவோம். காலம் வரையறுக்கப்படாத இடைக்காலப் பொறுப்பாளர் எதையும் துணிந்து செய்யமாட்டார், அவருக்கு மேலுள்ளோர் நிரந்தர ஆளைத் தேடவும் மாட்டார்கள். நிரந்தரப் பதவிக்கு அவரையும் கருதுவார்களா, இல்லையா என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

நான்கு, அடக்கம். இடைக்காலப் பொறுப்பாளரின் முதற்கடமை காப்பது, மாற்றுவதன்று. உணவு நேரத்தை மாற்றுவதும், அறைகளை இடம் மாற்றுவதும், பணியாளர் முறையைப் புரட்டிப்போடுவதும் நிரந்தரமாக வருபவரின் உரிமை. இதற்கு விதிவிலக்கு ஒன்றுண்டு. உயிருக்கு ஆபத்தான குறையை அவர் கண்டால், எடுத்துக்காட்டாகப் பூட்டிக் கிடக்கும் அவசர வழியையோ, பூட்டப்படாத மருந்து அலமாரியையோ, பழைய அளவுகள் எழுதி ஒட்டியிருக்கும் தாளையோ கண்டால், அதை அன்றே சரிசெய்ய வேண்டும்.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. வெளியிலிருந்து வருபவருக்குப் பழைய பகைகள் இல்லை. குறைகள் அவர் கண்ணுக்கு உடனே தெரியும். பொறுப்பாளர் ஏதேனும் முறைகேட்டின் காரணமாக நீக்கப்பட்டிருந்தால், வெளியாளே பொருத்தமானவர். அத்தகைய நேரத்தில் உள்ளிருப்பவர் ஒருவரை அமர்த்தினால், அவர் தம் தோழர்களையே விசாரிக்க நேரும்.

ஆனால் நோய், இறப்பு, குடும்பக் காரணம் போன்றவற்றால் இடம் காலியாகும்போது, முதல் சில வாரங்களுக்கு உள்ளிருப்பவரே மேல் என்பது எங்கள் கருத்து. முதியோருக்கு அவருடைய முகம் தெரியும், குரல் தெரியும். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. பழகிய முகம் மறைந்து, புதிய முகம் கட்டளையிடத் தொடங்கினால் அவர்கள் கலங்குகிறார்கள். இரவில் தூங்குவதில்லை, உண்ண மறுக்கிறார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாயிற்கதவைத் தட்டுகிறார்கள். அதைக் கண்டு தூக்க மருந்து கொடுக்கத் தொடங்கினால், தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வருகிறார்கள். ஆகவே, இயன்றவரை முகம் பழையதாக இருக்கட்டும், அதிகாரம் மட்டும் புதிதாகட்டும்.

சிறிய இல்லங்களால் இது முடியுமா?

முடியாது என்று சொல்பவர்களின் வாதத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. இருபது முதியோரும் ஐந்து பணியாளர்களும் உள்ள ஓர் இல்லம், நன்கொடையில் மாதத்தைக் கடத்துகிறது. அங்கே ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதே கடினம் என்னும்போது, மாற்றாள் ஒருவரை ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்வது நியாயமா?

மாற்றாளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும்படி நாங்கள் சொல்லவில்லை. அவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும்படி சொல்கிறோம். முடிவு செய்வதற்குச் செலவில்லை. பணியாளர்களுள் மூத்தவர் ஒருவரைத் தேர்ந்து, மாதத்தில் இரண்டு நாள் பொறுப்பாளர் விடுப்பு எடுக்கும்போது அவரே முழுப் பொறுப்பையும் பார்க்கும்படி செய்யலாம். அந்த இரண்டு நாளிலும் எங்கெங்கே தடுமாற்றம் வருகிறதோ, அவையெல்லாம் பொறுப்பாளரின் மனத்தில் மட்டும் இருந்து தாளில் இல்லாதவை என்று அறிந்துகொள்ளலாம். விடுப்பே எடுக்காத பொறுப்பாளரை நாம் தியாகி என்று போற்றுகிறோம். அவர் ஓய்வெடுப்பது அவர் உடலுக்கும் நல்லது, இல்லத்துக்கும் ஓர் ஒத்திகை.

அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறிய இல்லங்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். ஒன்றில் தலைமை காலியானால், மற்றொன்றின் துணைப் பொறுப்பாளர் சில வாரங்களுக்கு முழு நேரமாக இங்கே வந்துவிடலாம். முழு நேரமாக வருவதால் இது கூடுதல் பொறுப்பு ஆகாது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு செய்தி. இடைக்கால ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோர், அது இல்லாததால் ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும். ஓர் இடுப்பெலும்பு முறிவு, ஒரு நிமோனியா, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் என்று சேரும் தொகையைக் கொடுப்பது இல்லமன்று, குடும்பம். இழந்த நடையையும் தெளிவையும் எந்தத் தொகையும் மீட்டுத் தருவதில்லை.

சட்டமும் நடைமுறையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் சட்டமாகவே பலரும் அதை அறிந்திருக்கிறார்கள். அதன் 19-ஆம் பிரிவு முதியோர் இல்லங்களைப் பற்றியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்க அது வழிசெய்கிறது. இல்லங்களை நிர்வகிக்கும் முறையையும், அங்கே இருக்க வேண்டிய தரங்களையும் வகுக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு அளிக்கிறது.

தரம் என்றால் நாம் பெரும்பாலும் அறையின் அளவு, கழிப்பறையின் எண்ணிக்கை, உணவுப் பட்டியல் ஆகியவற்றையே நினைக்கிறோம். தலைமையின் தொடர்ச்சியும் ஒரு தரமே. இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் ஒவ்வோர் இல்லத்தின் மேலாளரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் தொடர்ந்து 28 நாட்களோ அதற்கு மேலோ பணியில் இல்லையென்றால், ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இல்லத்தை நடத்தப்போகிறவர் யார், அவர் தகுதி என்ன என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். திடீரென்று நேர்ந்ததென்றால் ஐந்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவிலும், அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் பங்கேற்கும் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் நிர்வாகியோ செவிலியர் துறைத் தலைவரோ மாறினால், மாநில உரிமத் துறைக்கு எழுத்தில் அறிவிப்பது விதி.

அந்நாடுகளின் இல்லங்களில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் "அடுத்துப் பொறுப்பில் யார்?" என்ற கேள்வியை அங்கே அரசு கேட்கிறது. இங்கும், பெரியதோ சிறியதோ, ஒவ்வொரு முதியோர் இல்லத்தையும் அரசு அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அதுவரை அதைக் கேட்க வேண்டியவர்கள் குடும்பத்தார்தாம்.

முதியோரிடம் மறைக்க வேண்டாம்

பொறுப்பாளர் போய்விட்டதை இல்லவாசிகளிடம் சொல்லாமல் மறைப்பது பல இடங்களில் வழக்கம். "ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்பார்கள். பெரியவர்கள் கலங்கிவிடக் கூடாது என்ற அன்பினால் சொல்லும் பொய் அது. ஆனால் அவர்கள் அதை நம்புவதில்லை. பணியாளர்கள் தமக்குள் மெல்லிய குரலில் பேசுவதை அவர்கள் பார்க்கிறார்கள். தங்களை எங்கேனும் அனுப்பிவிடப் போகிறார்களோ, இல்லத்தை மூடிவிடப் போகிறார்களோ என்ற அச்சத்தில் உறக்கத்தை இழக்கிறார்கள்.

என்ன நடந்தது, இப்போது யார் பொறுப்பு, நாளைக் காலை காப்பி வழக்கமான நேரத்துக்கு வரும் என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் பொறுமையாகச் சொல்லுங்கள். இறந்தவர் என்றால், துக்கம் கொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு. பல ஆண்டுகள் தம்மைக் குளிப்பாட்டி, ஊட்டி, திட்டி, சிரிக்க வைத்த ஒருவரை இழந்தவர்கள் அவர்கள்.

குடும்பத்தார் செய்யக் கூடியவை

உங்கள் தாயோ தந்தையோ இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை செல்லும்போது பொறுப்பாளரிடம் அன்பாகக் கேளுங்கள்: "நீங்கள் ஒரு வாரம் வர இயலாமல் போனால் உங்கள் இடத்தில் யார் இருப்பார்?" நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்வியால் புண்படமாட்டார். அந்த மாற்றாளை அழைத்து உங்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார். விடை தயங்கி வந்தால், அல்லது "நான் எங்கும் போகமாட்டேன்" என்று வந்தால், உங்கள் கவலை அங்கிருந்து தொடங்கட்டும்.

ஒரு தாள் ஆயத்தம் செய்யுங்கள். நோய்கள், இப்போதைய மருந்துகள், அவற்றின் அளவு, நேரம், ஒவ்வாமைகள், விழுங்குவதிலும் நடப்பதிலும் உள்ள சிரமங்கள், மருத்துவரின் பெயர், உங்கள் எண்ணோடு இன்னோர் உறவினரின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். எழுதிய தேதியை மேலே குறியுங்கள். மருத்துவர் மருந்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை வையுங்கள். பழைய தாள் சுவரில் இருப்பதைவிடத் தாளே இல்லாதிருப்பது மேல் என்பதை அந்தத் திங்கட்கிழமை எங்களுக்குக் கற்றுத் தந்தது.

பொறுப்பாளர் மாறிய செய்தி வந்தால், இயன்றால் முதல் வாரத்திலேயே நேரில் செல்லுங்கள். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பவர்கள், அருகிலுள்ள உறவினரை அனுப்புங்கள், அல்லது நாள்தோறும் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள். மருந்துகளை எண்ணிப் பாருங்கள். முதுகையும் குதிகால்களையும் பாருங்கள். குடிக்கும் தண்ணீரின் அளவைக் கேளுங்கள். வழக்கத்துக்கு மாறான தூக்கமோ குழப்பமோ இருந்தால், அதை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். தாழ்சர்க்கரையும், நோய்த்தொற்றும், உப்புக் குறைவும் முதியோரிடம் பல சமயம் குழப்பமாகவே வெளிப்படும். புதியவரைக் குற்றம் காணும் கண்ணோடு போகாமல், உதவும் கையோடு போங்கள். அவரும் முதல் வாரத்தின் அச்சத்தில்தான் இருப்பார்.

இல்லத்தில் கேட்டும் விடை கிடைக்காத நிலை வந்தால், மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567 உள்ளது.

எங்கள் பங்கு

பிறருக்கு அறிவுரை சொல்லும் நாங்கள் எங்கள் தவற்றையும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் அளவைக் குறைத்த அன்று, அதைப் பொறுப்பாளரிடம் வாயால் சொன்னோம். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினோம். அது அவருடைய கைப்பையில் போயிற்று. இல்லத்தில் அதைப் படிக்க வேண்டிய மற்றவர்களை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. உறவினர் எண்ணாகப் பொறுப்பாளரின் எண்ணையே பதிந்துகொண்டதும் எங்கள் பிழையே. அந்த ஒற்றை மனிதரின் தோளில் நாங்களும் சாய்ந்திருந்தோம்.

இப்போது எங்கள் பிரிவில் முதியோர் இல்லங்களிலிருந்து வருபவர்களுக்கு மருந்து மாற்றங்களைத் தமிழில், பெரிய எழுத்தில், தனித் தாளில் எழுதி இரண்டு படிகள் தருகிறோம். ஒன்று இல்லத்தின் மருந்து அலமாரிக்கு, மற்றொன்று குடும்பத்துக்கு. இல்லத்தில் அடுத்துப் பொறுப்பில் இருப்பவரின் பெயரையும் எண்ணையும் கேட்டுப் பதிகிறோம். முதல் முறை கேட்கும்போது பலர் விழிக்கிறார்கள். இரண்டாம் முறை வரும்போது விடையோடு வருகிறார்கள்.

அந்த அம்மையார் ஐந்தாம் நாள் நடந்தே வீடு திரும்பினார். வீடு என்று அவர் சொன்னது அந்த இல்லத்தைத்தான். பொறுப்பாளரும் உடல்நலம் தேறி, இரண்டு மாதம் ஓய்வெடுத்துப் பணிக்குத் திரும்பியிருக்கிறார். அந்த இரண்டு மாதமும் இல்லத்தை நடத்தியவர், அன்று ஆம்புலன்ஸில் உடன் வந்த அதே பணியாளர். செவ்வாய்க்கிழமையே அறங்காவலர்கள் அவரை எழுத்து மூலம் அமர்த்தினார்கள். அண்மையில் வேறொரு முதியவரை அழைத்து வந்திருந்தபோது அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நாங்கள் கேட்டதற்கெல்லாம் அதைப் பார்த்து விடை சொன்னார். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்களும் மூன்று எண்களும் இருந்தன: பொறுப்பாளர், அவர் இல்லாதபோது இவர், இவரும் இல்லாதபோது இன்னொருவர்.